சதவீதத்தால் அளந்த பயிர்

அமெரிக்காவில் 2018 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான வேளாண் சட்டம், கஞ்சாச் செடியை அதன் தோற்றத்தை வைத்தோ பயனை வைத்தோ பிரிக்காமல், உலர்ந்த எடையில் டெல்டா-9 டிஎச்சி எவ்வளவு இருக்கிறது என்ற ஒற்றை எண்ணை வைத்து இரண்டாகப் பிரித்தது. டிஎச்சி என்பது டெட்ராஹைட்ரோகன்னாபினால் எனப்படும், போதை தரும் வேதிப்பொருளின் சுருக்கப்பெயர், அது 0.3 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் அந்தச் செடி ஹெம்ப், மிகுந்தால் மரிவானா. முதலாவது பயிர்க் காப்பீடு பெறத் தகுதியுள்ள வேளாண் விளைபொருள். இரண்டாவது, 1970ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்த போதைப்பொருள். விளைந்தது எது என்பதைத் தீர்மானிக்கும் தாள் வேதியியல் ஆய்வகத்திலிருந்து வருவதால், இந்தச் சட்டத்தின் நடைமுறை சட்டமன்றத்தில் எழுதப்பட்ட வரிகளைவிட, மாதிரி வெட்டும் கத்தரிக்கோலிலும் உலர்த்தும் அடுப்பிலும் கணக்குப் போடும் முறையிலும்தான் அதிகம் அடங்கியிருந்தது. அத்தகைய ஆய்வகமொன்றில் இப்பயிரைச் சோதிக்கும் பணியில் இருந்தவர் என்ற முறையில் இக்கட்டுரையாளர் கண்டறிந்தவையே இங்கு முதன்மையாகப் பேசப்படுகின்றன. (தமிழில் சணல் என்று எழுதினால் கோணிப்பைக்கான செடியும் பசுந்தாள் உரத்துக்கான சணப்பையும் நினைவுக்கு வரும் என்பதால், வணிக வழக்கில் உள்ள ஹெம்ப் என்ற பெயரே கையாளப்படுகிறது.)

0.3 என்ற எண் மருத்துவர்களிடமிருந்து வந்ததில்லை. கனடாவின் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்கத் தாவரவியலாளர் ஆர்தர் கிராங்குவிஸ்ட்டுடன் சேர்ந்து 1976இல் ‘டாக்ஸன்’ என்ற ஆய்விதழில் வெளியிட்ட வகைப்பாட்டுக் கட்டுரையில், நாருக்கும் விதைக்குமாக வளர்க்கப்பட்ட செடிகளையும் போதைக்காக வளர்க்கப்பட்டவற்றையும் பிரித்துக் காட்டுவதற்கு ஓர் எல்லைக்கோடு தேவைப்பட்டபோது, இளம் இலைகளில் 0.3 சதவீத டிஎச்சி என்பதை அக்கோடாக வைத்துக்கொண்டார்; அது தன்னிச்சையாகக் கொள்ளப்பட்ட எல்லை என்பதை ஆசிரியர்களே அக்கட்டுரையில் சொல்லியும் வைத்தனர். கனடா 1998இல் தன் ஹெம்ப் விதிமுறைகளில் இந்த எண்ணை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா 2014இல் எடுத்துக்கொண்டது. தாவரங்களை வகைப்படுத்தும் அறிஞர் தம் வசதிக்காகப் போட்ட கோடு, இலையிலிருந்து பூவுக்கும், பூவிலிருந்து சாற்றுக்கும், சாற்றிலிருந்து மிட்டாய்க்கும் நகர்ந்துகொண்டே போயிற்று. அவ்வாறு நகரும்போது அது என்ன பொருள்படுகிறது என்று எவரும் நின்று கேட்கவில்லை என்பதே இத்துறையின் பிற்காலக் குழப்பங்களுக்கெல்லாம் வேர் என்று கருத இடமிருக்கிறது.

அமெரிக்காவில் இப்பயிருக்கு நீண்ட மரபு உண்டு. கென்டக்கி மாநிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கயிற்றுக்கும் பருத்திப் பொதிகளைச் சுற்றும் துணிக்குமாக இதைப் பெருமளவில் விளைவித்தது. 1937ஆம் ஆண்டின் மரிவானா வரிச் சட்டம் சாகுபடியை நேரடியாகத் தடை செய்யாமல், பதிவு, வரி, படிவம் என்று சுமைகளை ஏற்றி முடக்கிற்று. ஜப்பானியப் படை பிலிப்பைன்ஸைக் கைப்பற்றியதால் மணிலா நாரின் வரத்து நின்றபோது, அதே அரசின் வேளாண் துறை 1942இல் ‘ஹெம்ப் ஃபார் விக்டரி’ என்ற படத்தை எடுத்து விவசாயிகளை இதை விதைக்கத் தூண்டியது. போர் முடிந்ததும் அந்த ஊக்கமும் முடிந்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நாருக்கான செடியும் போதைக்கான செடியும் ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் பல்கலைக்கழகங்களும் மாநில வேளாண் துறைகளும் ஆராய்ச்சிக்காக இதைப் பயிரிடலாம் என்று அனுமதித்தது. ஆனால் அவ்வாண்டு மே மாதம் கென்டக்கி வேளாண் துறை இத்தாலியிலிருந்து வரவழைத்த ஏறத்தாழ 250 பவுண்டு விதை லூயிவில் நகரில் சுங்கத்தில் நிறுத்தப்பட்டு, மாநில அரசு நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் விடுவிக்கப்பட்டது. சட்டம் அனுமதித்த விதையை, அதே நாட்டின் போதைப்பொருள் அமலாக்க முகமையான டிஇஏ தன் அனுமதியில்லாமல் இறக்குமதி செய்யக்கூடாது என்றது. ஒரே செடிக்கு இரண்டு காவலர்கள் என்ற இந்த நிலை 2018க்குப் பிறகும் முழுமையாக நீங்கவில்லை.

வயலில் மாதிரி எடுப்பதிலிருந்து தொடங்குவதே முறை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்; இந்தப் பயிரிடம் அந்த வழக்குச் செல்லாது. டிஎச்சி செடி முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. பெண்பூவின் செதில்களில் பனித்துளிபோல் நிற்கும் நுண்ணிய பிசின் சுரப்பிகளிலேயே அது பெரும்பாலும் திரள்கிறது; நுனிப்பூவில் மிகுதியாகவும், கீழ்க்கிளைப் பூக்களில் குறைவாகவும், இலையில் அதனினும் குறைவாகவும், தண்டில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கிறது. ஆகையால் எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடும். 2021 ஜனவரி 19 அன்று வெளியிடப்பட்டு மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த வேளாண் துறையின் இறுதி விதி, செடியின் உச்சியிலிருந்து ஐந்து முதல் எட்டு அங்குல நீளத்துக்குப் பூவும் இலையுமாக வெட்ட வேண்டும் என்று வகுத்தது. அறுவடைக்கு முந்தைய 30 நாள்களுக்குள் மாதிரி எடுக்கப்பட வேண்டும். 2019 அக்டோபரில் வந்த இடைக்கால விதியில் இது 15 நாளாக இருந்தது, மழையும் ஆள் பற்றாக்குறையும் தெரிந்த எவரும் அந்தப் பதினைந்து நாளை எழுதியிருக்கமாட்டார்கள். விவசாயி தம் வயலில் தாமே மாதிரி வெட்டி அனுப்பக்கூடாது. பயிற்சி பெற்ற மாதிரி எடுப்பவரே வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, வரப்போரச் செடிகளை மட்டும் வெட்டாமல் நடுவயலையும் சேர்த்து வெட்ட வேண்டும். வெட்டியவை காகிதப் பையில்தான் வர வேண்டும். நெகிழிப் பையில் அடைத்தால் ஈரம் வெளியேறாமல் இரண்டு நாளில் பூஞ்சணம் படர்ந்துவிடும். அப்படி வந்து சேர்ந்த பைகளைத் திறந்தவுடனே மூடித் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. பையின் வாய் முத்திரை ஒட்டி மூடப்பட்டு, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்நேரம் மாறியது என்ற கையளிப்புப் படிவம் அதனுடன் இணைந்திருக்கும்.

விதைக்காகவோ நாருக்காகவோ பயிரிடுபவருக்கும் இதே நுனிப்பூதான் மாதிரி என்பது இவ்விதியின் மிகப் பெரிய கோணல். அவர் பூவை விற்கப்போவதில்லை. நார் எடுப்பவர் பூ முதிர்வதற்கு முன்பே அறுத்துவிடுவார். ஆயினும் அவர் தூக்கியெறியும் பகுதியில் இருக்கும் அளவுதான் அவருடைய நாரின் தலைவிதியை நிர்ணயிக்கிறது.

ஆய்வகத்தில் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும்வரை ஓய்வென்பதே இருக்காது. நாட்டின் பெரும்பகுதியில் அறுவடை ஒரே சமயத்தில் வருவதால், மாதிரிப் பைகள் அலமாரிகளை நிறைத்து நடைபாதையில் இறங்கிவிடும். எலுமிச்சைத் தோலும் பைன் மரப்பிசினும் டீசலும் கலந்தாற்போன்ற அந்த நெடி பணி முடித்து வீடு திரும்புவோரின் சட்டையிலும் ஏறி, கடையில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரை ஒரு முறை திரும்பிப் பார்க்க வைக்கும். வந்த மாதிரி முதலில் உலர்த்தப்படும். பிறகு தண்டும் முதிர்ந்த விதையும் சலித்து நீக்கப்பட்டு, மீதி முழுவதும் அரைக்கப்பட்டு ஒரே சீராகக் கலக்கப்படும். பிசின் மிகுந்த பூ அரைவைக் கத்தியில் கோந்துபோல் ஒட்டிக்கொள்வதால், ஒவ்வொரு மாதிரிக்கும் இடையே கத்தியைக் கழற்றி ஆல்கஹாலில் கழுவ வேண்டும். இதில் சோம்பினால் முந்தைய வயலின் டிஎச்சி அடுத்த விவசாயியின் கணக்கில் ஏறும். பொடி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பங்கு சோதனைக்குச் செல்ல, மறுபங்கு மறுசோதனைக்காக முத்திரையிட்டு வைக்கப்படும். சோதனைப் பங்கு மெத்தனாலில் கரைக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, ஹெச்பிஎல்சி எனப்படும் திரவ நிறப்பகுப்புக் கருவிக்குள் செலுத்தப்படும். அக்கருவி கலவையிலுள்ள ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனி நேரத்தில் வெளியேற்றி, திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கூர்முகடுகளாக வரைந்து காட்டும்.

இனிமேல்தான் கணக்கு. உயிருள்ள செடியில் டிஎச்சி நேரடியாக இருப்பது மிகக் குறைவு. அது டிஎச்சிஏ என்ற அமிலமாகவே இருக்கிறது. புகைக்கும்போதோ சமைக்கும்போதோ வெப்பத்தால் அவ்வமிலத்திலிருந்து கரியமில வாயு பிரிந்துபோக, எஞ்சுவது டிஎச்சி. பிரிந்துபோகும் எடையைக் கழித்தால் அமிலத்தின் 87.7 சதவீதம் மிஞ்சும் என்பதால், அமிலத்தின் அளவை 0.877ஆல் பெருக்கி, ஏற்கெனவே உள்ள டெல்டா-9 டிஎச்சியுடன் கூட்டினால் கிடைப்பது மொத்த டிஎச்சி. ஒரு மாதிரியில் அமிலம் 0.29, டெல்டா-9 டிஎச்சி 0.03 சதவீதம் என்று வந்ததாகக் கொண்டால், மொத்தம் 0.284, விவசாயி பெருமூச்சு விடலாம் என்று தோன்றும். ஆனால் பொடியில் இன்னும் 9 சதவீத ஈரம் இருப்பதாக ஈரமானி காட்டினால், சட்டம் உலர் எடையைக் கேட்பதால் 0.284ஐ 0.91ஆல் வகுக்க வேண்டும், விடை 0.312. பயிர் இப்போது வரம்பைத் தாண்டிவிட்டது. அடுத்த படியில் அளவீட்டு நிச்சயமின்மை என்ற ஒன்று வந்து கைகொடுக்கும்: எந்தக் கருவியும் எந்தக் கையும் முற்றிலும் துல்லியமாக அளக்க முடியாது என்பதால், ஆய்வகம் தன் முடிவுக்கு இருபுறமும் எவ்வளவு விலகல் இருக்கக்கூடும் என்பதைக் கணித்து அறிவிக்க வேண்டும். அது 0.04 என்றால், உண்மை மதிப்பு 0.272க்கும் 0.352க்கும் இடையில் எங்கோ இருக்கிறது, அவ்வீச்சுக்குள் 0.3 அடங்குவதால் விதிப்படி பயிர் தேறியது. ஒரே பொடி, ஒரே நாள், மூன்று வரிக் கணக்கில் சட்டப்பயிராகவும் போதைப்பொருளாகவும் மீண்டும் சட்டப்பயிராகவும் மாறுகிறது. இதைத் தொலைபேசியில் விவசாயிக்கு விளக்க முயன்றவர்களுக்கே அதன் சிரமம் தெரியும். நிச்சயமின்மையைப் பெரிதாக அறிவிக்கும் ஆய்வகம் வாடிக்கையாளருக்கு இனிக்கும் என்பதும், துல்லியத்துக்குப் பாடுபட்டு அதைச் சுருக்கிய ஆய்வகம் வாடிக்கையை இழக்கும் என்பதும் விதியை எழுதியவர்கள் எதிர்பார்த்திராத விளைவு.

வரம்பு மீறிய பயிரைத் தொழிலில் ‘ஹாட்’ என்பார்கள். அது ஏன் அடிக்கடி நேர்ந்தது என்பதற்குச் செடியின் மரபிலேயே விடை இருக்கிறது. 2018க்குப் பின் பெரும்பாலோர் பயிரிட்டது நாருக்காக அன்று, சிபிடி எனப்படும் கன்னாபிடியாலுக்காக; இது போதை தராத, மருந்தாகவும் ஊட்டப்பொருளாகவும் தேடப்பட்ட சேர்மம். செடியில் சிபிடியை உருவாக்கும் நொதி, தன் வேலையின் ஊடே சிறிதளவு டிஎச்சியையும் தவிர்க்க முடியாமல் உருவாக்கிவிடுகிறது. விகிதம் தோராயமாக 25க்கு 1. ஆகவே பூவில் சிபிடி 5 சதவீதமாக இருக்கும்போது மொத்த டிஎச்சி 0.2, அது 10ஐ எட்டினால் டிஎச்சி 0.4. சிபிடியின் எடைக்கு விலை பெறும் விவசாயி பூ முதிர முதிர லாபம் காண்கிறார், அதே நாள்களில் சட்டத்தின் எல்லையையும் கடக்கிறார். எனவே தேர்ந்தவர்கள் பூப்பு தொடங்கிய நான்காம் வாரத்திலிருந்தே தம் செலவில் வாரந்தோறும் சோதித்து, 0.25ஐ நெருங்கும்போது அதிகாரபூர்வ மாதிரிக்கு ஆளை வரவழைத்தார்கள். விதை விற்றவரின் வாக்கை நம்பி முழு முதிர்ச்சிவரை காத்திருந்தவர்களே மாட்டிக்கொண்டார்கள். வறட்சியும் வெயிலும் டிஎச்சியைத் தாறுமாறாக ஏற்றிவிடும் என்ற வாதம் அடிக்கடி எழுந்ததுண்டு. ஆய்வகத்துக்கு வந்த முடிவுகளைப் பார்த்தவரையில், விதையின் மரபும் அறுவடை நாளுமே பெரும்பாலும் காரணமாக இருந்தன.

தேறாத பயிரை உழுது மண்ணில் புதைக்கலாம், மட்கவிடலாம், எரிக்கலாம். 2021ஆம் ஆண்டு விதி, பூவை மட்டும் அழித்துவிட்டுத் தண்டையும் விதையையும் காப்பாற்றிக்கொள்ளவோ, முழுச் செடியையும் அரைத்துக் கலந்து மறுசோதனைக்கு அனுப்பவோ இடம் கொடுத்தது. மொத்த டிஎச்சி 1 சதவீதத்துக்குள் இருந்து, விவசாயி உரிய கவனத்துடன் பயிரிட்டிருந்தால் அது அசட்டைக் குற்றமாகக் கொள்ளப்படாது. இடைக்கால விதியில் அந்த எல்லை அரை சதவீதமாக இருந்தது. ஐந்தாண்டுகளில் மூன்று முறை அசட்டையாக மீறியவர் அடுத்த ஐந்தாண்டுகள் ஹெம்ப் பயிரிட முடியாது. ஓர் உழவர் தாம் விதைத்த வயலைத் தாமே டிராக்டர் ஓட்டி மடக்கும்போது சாட்சியாக நின்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியும் பெரும்பாலும் அதே மாவட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளையாகவே இருப்பார் என்பதை விதிப்புத்தகம் சொல்லாது.

பயிர் வயலைத் தாண்டிச் சாலைக்கு வந்ததும் வேறொரு சிக்கல் காத்திருந்தது. பூவைப் பார்த்தும் முகர்ந்தும் ஹெம்பா மரிவானாவா என்று பிரித்தறிய முடியாது. காவலர்களிடமிருந்த நிறம் மாறும் சோதனைப் பொட்டலம் டிஎச்சி உண்டா இல்லையா என்று மட்டுமே காட்டும், எவ்வளவு என்று காட்டாது. 2019 ஜனவரியில் ஓரிகன் மாநிலத்திலிருந்து கொலராடோவுக்குச் சென்ற சரக்கு வண்டியை ஐடஹோ மாநிலக் காவல்துறை நிறுத்தி, ஏறத்தாழ 6,700 பவுண்டு சரக்கைக் கைப்பற்றி ஓட்டுநரைச் சிறையில் அடைத்தது. ஹெம்ப் கூட்டாட்சி அளவில் சட்டபூர்வமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது; ஐடஹோவின் மாநிலச் சட்டமோ அன்று எந்த அளவு டிஎச்சியையும் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு சரக்கு வண்டிகள் ஆய்வக அறிக்கையின் நகலை ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு சென்றன. பல மாநிலக் குற்றவியல் ஆய்வகங்களிடம் அளவு காணும் கருவியோ முறையோ இருக்கவில்லை.

சாறு எடுக்கும் ஆலைக்குள் 0.3 சதவீதம் என்ற எண் முதன்முதலாகத் தன் இயலாமையைக் காட்டிற்று. பூவை ஆல்கஹாலில் ஊறவைத்துக் கரைப்பானை ஆவியாக்கினால் தார்போன்ற கச்சாச் சாறு கிடைக்கும். அதில் சிபிடி 60 சதவீதம் என்றால், அதே 25க்கு 1 என்ற விகிதத்தில் டிஎச்சி 2.4 சதவீதம். சட்டபூர்வமான பூவிலிருந்து சட்டபூர்வமான எண்ணெய் நோக்கிப் போகும் வழியில் ஒவ்வோர் ஆலையும் சட்டவிரோதப் பொருளைக் கையில் வைத்திருக்க நேர்ந்தது. 2020 ஆகஸ்டு 21 அன்று டிஇஏ வெளியிட்ட இடைக்கால விதி, 0.3ஐத் தாண்டிய எந்த வடிசாறும் கட்டுப்படுத்தப்பட்ட பொருளே என்று எழுதியபோது, தொழில் முழுவதும் கலங்கிற்று. பெரும்பாலான ஆலைகள் வேறு வழியின்றித் தம் வேலையைத் தொடர்ந்தன. ஹெம்பைச் சோதிக்கும் ஆய்வகங்கள் டிஇஏவிடம் பதிவு பெற வேண்டும் என்ற கட்டாயமும், பதிவு பெற்றவை போதிய எண்ணிக்கையில் இல்லாததால், ஆண்டுக்காண்டு தள்ளிவைக்கப்பட்டது.

இதற்கிடையே சந்தை சரிந்தது. 2019இல் மாநிலங்கள் சுமார் 5 லட்சம் ஏக்கருக்கு உரிமம் வழங்கியிருந்தன. அந்த அளவுக்கு விளையும் சிபிடியை வாங்குவார் இல்லை. உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 2018 ஜூனில் சிபிடியைக் கொண்ட எபிடியோலெக்ஸ் என்ற வலிப்பு மருந்துக்கு அனுமதி அளித்திருந்ததைக் காட்டி, மருந்தாக ஆய்வு செய்யப்பட்ட பொருளை உணவிலோ ஊட்டப்பொருளிலோ சேர்க்கச் சட்டம் இடம் தராது என்ற நிலையிலேயே நின்றது. 2023 ஜனவரியில், இருக்கும் சட்ட அமைப்பு இதற்குப் பொருந்தாது, நாடாளுமன்றம் புதிய வழி காண வேண்டும் என்று சொல்லி விலகிக்கொண்டது. வேளாண் துறையின் முதல் தேசிய ஹெம்ப் அறிக்கை 2021ஆம் ஆண்டு விளைச்சலை 82.4 கோடி டாலர் என்று மதிப்பிட, அடுத்த ஆண்டு அது 23.8 கோடியாக விழுந்தது. விற்காத சிபிடி பீப்பாய் பீப்பாயாகக் கிடங்கில் கிடந்தபோதுதான் வேதியியல் வேறு திசையில் வேலை செய்யத் தொடங்கிற்று.

சிபிடியைக் கரைப்பானில் கரைத்து அமிலம் சேர்த்துச் சூடாக்கினால், மூலக்கூறு மடங்கி டெல்டா-8 டிஎச்சியாக மாறும். இது டெல்டா-9இன் நெருங்கிய உறவு. ஓர் இரட்டைப் பிணைப்பின் இடம் மட்டும் வேறு. போதையும் தரும், சற்றுக் குறைவாக. சட்டமோ டெல்டா-9ஐ மட்டுமே பெயர் சொல்லி வரம்பிட்டு, செடியிலிருந்து பெறப்படும் மற்ற எல்லாச் சேர்மங்களையும் மாற்றியங்களையும் ஹெம்ப் என்ற சொல்லுக்குள் அடக்கியிருந்தது; 2022இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டத்தின் சொற்கள் டெல்டா-8ஐ உள்ளடக்குகின்றன என்றே கண்டது. இத்தகைய சரக்கின் நிறப்பகுப்புப் படம் செடியின் படத்தைப் போலிருக்காது. இயற்கைச் சாற்றில் பெயர் தெரிந்த முகடுகள் தெளிவாக நிற்கும்; இதிலோ பெரிய முகட்டின் அடிவாரத்தில் பெயரில்லாத சிறு முகடுகள் முளைத்திருக்கும், அவை அமில வினையின் கழிவுகள், அவற்றை அடையாளம் காண ஒப்புநோக்கு மாதிரிகளே பெரும்பாலும் விற்பனையில் இல்லை. டெல்டா-8, டெல்டா-9 ஆகிய இரண்டும் கருவியிலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளியேறும். பிரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தாத ஆய்வகத்தில் சிறிய முகடு பெரிய முகட்டின் தோளுக்குள் மறைந்துபோய், டெல்டா-9 ‘காணப்படவில்லை’ என்று அறிக்கை வரும். சில விற்பனையாளர்கள் அத்தகைய ஆய்வகங்களைத் தேடிப்போனார்கள். நல்ல முறையில் பிரித்து உண்மையைச் சொன்ன அறிக்கைக்குக் கட்டணம் மறுக்கப்பட்டதும் உண்டு.

அதன்பின் அமில வினைகூடத் தேவையில்லை என்பது கண்டுபிடிக்கப்பட்டது. வயலில் மொத்த டிஎச்சி கணக்கிடப்பட வேண்டும் என்பது சாகுபடிக்கான விதி. கடையில் விற்கும் பொருளுக்குச் சட்டத்தின் வரையறை டெல்டா-9ஐ மட்டுமே சொல்கிறது என்று வாதிட்டு, 20 சதவீதம் அமிலமும் 0.3க்குக் கீழே டெல்டா-9உம் கொண்ட பூவை ஹெம்ப் என்று விற்றார்கள். தீக்குச்சி பட்டதும் அது மரிவானா. மிட்டாய்க்காரர்கள் இதனினும் எளிய வழி கண்டார்கள். நான்கு கிராம் எடையுள்ள ஜெல்லி மிட்டாயில் 0.3 சதவீதம் என்பது 12 மில்லிகிராம் டெல்டா-9 டிஎச்சி. கொலராடோவில் உரிமம் பெற்ற மரிவானாக் கடை ஒரு வேளைக்கு விற்கக்கூடியது 10 மில்லிகிராம். 355 மில்லிலிட்டர் கொள்ளும் பானக் குவளையில் அதே சதவீதம் ஒரு கிராமைத் தாண்டிவிடும், அதாவது அத்தகைய நூறு வேளைக்கு மேல். (பானத்துக்கு உலர் எடை என்பது என்ன என்ற கேள்விக்கு ஆய்வகங்களிடையே ஒத்த விடை இருந்ததே இல்லை.) செடியில் போதைக்குப் போதாத சதவீதம், சர்க்கரையும் நீரும் சேர்த்து எடையைக் கூட்டினால் போதைக்கு மிஞ்சிய அளவாகிவிடுகிறது. ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களைத் திட்டுவது எளிது. எடையின் பங்காக வைக்கப்பட்ட வரம்பு, உண்ணும் பொருளுக்கு வரம்பே ஆகாது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்த எவரும் 2018இலேயே சொல்லியிருக்கலாம்.

மினசோட்டா மாநிலம் 2022 ஜூலை 1 முதல், ஹெம்பிலிருந்து பெறப்பட்ட உண்பொருளில் ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 50 மில்லிகிராம் என்று எல்லையிட்டு, 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் விற்கலாம் என்றது. அனுமதித்தது சரியா தவறா என்பது வேறு வழக்கு. அளந்த முறை சரி. கூட்டாட்சி அரசு இப்பாடத்தைக் காலம் கடந்து கற்று, எதிர்முனைக்குப் போயிற்று. 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஹெம்பின் வரையறை மாற்றி எழுதப்பட்டது: டெல்டா-9க்குப் பதிலாக மொத்த டிஎச்சி கணக்கிடப்படும், செடிக்கு வெளியே தயாரிக்கப்பட்ட சேர்மங்கள் ஹெம்ப் ஆகா, விற்பனைப் பொருளில் கொள்கலன் ஒன்றுக்கு 0.4 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் இருக்கக்கூடாது. இப்பகுதியை நீக்கக் கோரிய கென்டக்கி செனட்டர் ராண்ட் பாலின் திருத்தம் 76க்கு 24 என்ற வாக்கில் ஒதுக்கப்பட்டது. 2018இல் ஹெம்பை விடுவிக்க முன்னின்ற அதே மாநிலத்தின் மற்றொரு செனட்டர் மிச் மெக்கானல் இம்முறை வரம்பை இறுக்க முன்னின்றார்.

மில்லிகிராமுக்கு மாறியது நன்று; 0.4 என்ற எண் நன்றன்று. சிபிடி 1,500 மில்லிகிராம் கொண்ட 30 மில்லிலிட்டர் எண்ணெய்ப் புட்டியில், செடியின் இயல்பான விகிதத்தின்படி 60 மில்லிகிராம் டிஎச்சி இருக்கும். போதைக்காக எவரும் வாங்காத அந்தப் புட்டி புதிய எல்லையை 150 மடங்கு மீறுகிறது. ஒரு வேளைக்கு என்று சொல்லாமல் கொள்கலனுக்கு என்று சொன்னதால், புட்டியின் பருமனும் சட்டப் பிரச்சினையாகிறது. 0.4 மில்லிகிராமை ஒரு புட்டி எண்ணெயில் உறுதியாகக் கண்டறிய இன்றைய ஹெச்பிஎல்சி முறைகள் பலவற்றைக் கைவிட்டு, மூலக்கூறின் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைக் கருவிகளுக்கு மாற வேண்டியிருக்கும். அவற்றின் விலையைச் சிறிய ஆய்வகங்கள் தாங்கா.

இந்தியாவில் வயலுக்கான அளவும் உணவுக்கான அளவும் தொடக்கத்திலேயே தனித்தனியாக வைக்கப்பட்டன என்பதைக் குறிப்பிட வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்பதைப் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி என்று வரையறுத்து, நுனியோடு சேராத விதையையும் இலையையும் விலக்கியது. அதன் 14ஆம் பிரிவு நாருக்கும் விதைக்குமான சாகுபடிக்கு அரசு அனுமதி தரலாம் என்கிறது. அப்பிரிவின்கீழ் உத்தராகண்ட் 2018இல் முதன்முதலாக உரிமம் வழங்கத் தொடங்கி, வயலுக்கு 0.3 சதவீதத்தையே எல்லையாக வைத்தது. உணவுப் பொருளுக்கோ இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021இல் வேறு அளவுகோலை எடுத்தது: விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், விதை எண்ணெயில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி. உத்தராகண்டின் குமாவுன் மலை வீடுகளில் காலங்காலமாகத் துவையல் அரைக்கும் விதைதான் அது. இதுவும் எடையின் பங்குதான் என்றாலும் மிகச் சிறியது என்பதால், வழக்கமாக உண்ணும் அளவில் போதை ஏறாது, எடையைக் கூட்டி ஏமாற்றவும் வழியில்லை.

இமாச்சலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தையும் நௌனி தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழகத்தையும் கொண்டு இச்சாகுபடி பற்றி முன்னோட்ட ஆய்வு நடத்த ஒப்புதல் அளித்திருக்கிறது. வேறு மாநிலங்களும் பின்தொடரக்கூடும். அங்கெல்லாம் விதிகளை எழுத அமர்வோர், நாருக்கும் விதைக்கும் பயிரிடுபவரிடம் நுனிப்பூவைக் கேட்காமல் முழுச் செடியை மாதிரியாகக் கொள்ள வேண்டும். அளவீட்டு நிச்சயமின்மைக்கு ஓர் உச்ச எல்லையை விதியிலேயே எழுத வேண்டும். முதல் உரிமம் கொடுக்கப்படும் முன்பே, டிஎச்சியின் அளவைக் காணும் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் மாவட்டத்திலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் புதிய வரையறை நடைமுறைக்கு வருவதற்கு அச்சட்டமே குறித்திருக்கும் நாள் 2026 நவம்பர் 12.